தொப்பிக்கு வடிவம் கொடுக்கும் பிரஸ்ஸை மேம்படுத்துவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பராமரிப்புப் பிரிவில் இருந்த ஒரு தொப்பி ஆலையில் ஒரு பழைய பிரஸ் இருந்தது. அதிலிருந்து வரும் ஃபெல்ட் (கம்பளியையோ ரோமத்தையோ நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) தொப்பிகளுக்கு இடது பக்க விளிம்பு மட்டும் இரண்டே நாளில் தொங்கிவிடும். அழுத்தம் போதவில்லை என்று முடிவு கட்டி, பிரஸ்ஸை அழுத்தும் சிலிண்டரைப் பெரியதாக வாங்கி மாட்டினார்கள். விளிம்பு அப்போதும் தொங்கியது. கூடவே தொப்பியின் மேல் பளபளவென்று தழும்பு வேறு விழ ஆரம்பித்தது. கடைசியில் பார்த்தால் அச்சின் இடது பக்கத்து ஸ்டீம் ட்ராப், அதாவது நீராவி ஆறிச் சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வு, அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கி, அந்தப் பக்கம் சூடே ஏறவில்லை. ட்ராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம்தான் ஆனது. சிலிண்டருக்கு ஆன செலவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அன்றிலிருந்து தொப்பி பிரஸ் என்றாலே நான் அழுத்தத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் சூடு, அடுத்து ஈரம், அதற்கடுத்து ஆறவிடும் நேரம். இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகும். புது இயந்திரம் வாங்குவதைப் பற்றி இதில் எதுவும் இல்லை. கையில் இருக்கும் பிரஸ்ஸை எப்படிச் சீராக்குவது என்பதுதான் விஷயம். ஃபெல்ட் தொப்பியை மையமாக வைத்து எழுதுகிறேன். வைக்கோல் தொப்பிக்கும் துணித் தொப்பிக்கும் மாறுகிற இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

வடிவம் எப்போது நிலைக்கிறது?

ஈரத்தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் அவிழ்க்கும்போது முடி அலையலையாக நிற்கும். ஃபெல்ட்டில் நடப்பதும் அதேதான். கம்பளியும் முயல் ரோமமும் நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. ஈரமும் சூடும் சேர்ந்து உள்ளே போனால், இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும். அந்த நேரத்தில் இழையை எப்படி வளைத்தாலும் வளையும். ஈரம் வெளியேறி ஆறியதும், எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பிணைப்புகள் மறுபடி இறுகிக்கொள்ளும்.

தொப்பி விறைப்பாக நிற்க அரக்கு ஏற்றுவது பழைய வழக்கம். நம் ஜார்க்கண்ட் பக்கம் காட்டு மரங்களில் பூச்சியிடமிருந்து எடுக்கிறார்களே, அதே அரக்குதான். சூட்டில் இளகும், ஆறினால் கெட்டியாகும். ஆக, இழையானாலும் அரக்கானாலும் தொப்பி தன் வடிவத்தைப் பிடித்துக்கொள்வது அழுத்தும் நொடியில் இல்லை, ஆறும் நிமிடங்களில். நிறைய ஆலைகள் கோட்டை விடும் இடம் இதுதான். சூடாக இருக்கும்போதே தொப்பியை உருவி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, பிரஸ் சரியில்லை என்பார்கள்.

படி 1: இயந்திரத்தைத் தொடும் முன் தொப்பியை அளங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். கழிக்கப்படும் ஒவ்வொரு தொப்பியின் உள்ளேயும் பிரஸ் எண், அச்சு எண், நேரம் மூன்றையும் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். குறை என்ன என்பதை ஒரே வார்த்தையில் குறித்தால் போதும்: அளவு, சுருக்கம், தழும்பு, கருகல், நீர்க்கறை, தொய்வு.

வாரக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினால் பாதி விடை அதிலேயே இருக்கும். காலை முதல் ஒரு மணி நேரத்தில் தொய்வு அதிகம் என்றால் அச்சு சூடேறும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். மதியத்துக்கு மேல் கருகல் என்றால் சூடு கட்டுப்பாட்டில் இல்லை. ஒரே அச்சு எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த அச்சை மட்டும் பார்த்தால் போதும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாம் தலையின் சுற்றளவைச் செ.மீ.யில் எடுக்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதை விட்டமாக்கி அங்குலத்தில் சொல்கிறார்கள். 57 செ.மீ. என்பது பிரிட்டனில் 7, அமெரிக்காவில் 7⅛. விட்டத்தில் ⅛ அங்குலம் கூடினால் சுற்றளவில் ஏறக்குறைய சரியாக 1 செ.மீ. கூடும். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே இருப்பதே 10 மி.மீ. என்றால், நம் பிழை 3 மி.மீ.க்குள் அடங்க வேண்டும் என்று நான் வைத்துக்கொள்வேன். அதைத் தாண்டினால் உள்பட்டை (நெற்றியில் படும் உள்பக்கப் பட்டை) தைக்கும்போதே தெரிந்துவிடும்.

படி 2: எந்தப் பொருள் என்று உறுதி செய்யுங்கள்

வைக்கோல் தொப்பி என்று வரும் சரக்கில் கோதுமை வைக்கோலும் உண்டு, காகித நூலும் உண்டு, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கும் உண்டு. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோல இருக்கும். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகி அச்சில் ஒட்டும். கம்பளிக்கு வைத்த சூட்டில் அதைப் போட்டால் அன்றைக்கு அச்சைச் சுரண்டுவதுதான் வேலை. ஓர் இழையை எரித்துப் பாருங்கள். காகிதம் காகிதமாக எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும்.

கம்பளி ஃபெல்ட் ஈரத்தோடு இருக்கும்வரை சூட்டைத் தாங்கும். காய்ந்த பிறகும் சூடான அச்சிலேயே கிடந்தால் மஞ்சளடிக்கும், வெள்ளை நிறத்தில் உடனே தெரியும். பாலியெஸ்டர் துணித் தொப்பி வேறு ரகம். அதற்கு ஈரம் உதவாது, சூடும் ஆறுதலும் மட்டும்தான் வேலை செய்யும். பருத்தித் தொப்பியில் முன்பக்கம் விறைப்பாக இருக்க பக்ரம் (பசையேற்றிய விறைப்புத் துணி) வைத்திருந்தால், அதிலுள்ள பசை இளகும் சூடு என்ன என்பதைச் சப்ளையரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈக்வடாரின் டொக்கீயா இழைத் தொப்பி, அதாவது உலகம் பனாமா தொப்பி என்று தவறாகப் பெயர் வைத்தது, தனி உலகம். அதன் நெசவை யுனெஸ்கோ 2012-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு தொப்பியை நெய்ய ஒரு நாளும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம். எட்டு மாத நெசவைப் பத்து நொடியில் ஒரு பிரஸ் நாசமாக்கிவிடும். அப்படிப்பட்ட சரக்குக்கு மரக்கட்டையும் கையுமே நல்லது. எல்லாவற்றையும் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 3: அச்சு

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம். செலவு அதிகம் ஆகும் இடமும் இது, தவறு செய்தால் திருத்த முடியாத இடமும் இது.

பழைய மரக்கட்டைகள் கைவேலைக்கு அருமையானவை. ஆணி குத்தலாம், ஈரத்தை உறிஞ்சும், செதுக்கி மாற்றலாம். ஆனால் சூட்டைக் கடத்தாது. அலுமினிய வார்ப்பு மரத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும், அதனால்தான் பிரஸ்ஸுக்கு அலுமினியம். (ஆங்கிலேயர் காலத்து சோலா தொப்பி மரக்கட்டைக் காலத்துப் பிறவி. நெட்டியைத் தகடாகச் சீவி அச்சின் மேல் ஒட்டி ஒட்டிச் செய்ததுதான் அது. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்கிறார்களே, அதே நெட்டி.)

நல்ல மரக்கட்டை கையில் இருந்தால், அதையே மாதிரியாகக் கொடுத்து ஃபவுண்டரியில் வார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. உருகிய அலுமினியம் கெட்டியாகி ஆறும்போது நீளத்தில் சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். 58 செ.மீ. சுற்றளவுள்ள கட்டையை அப்படியே வார்த்தால் 7.5 மி.மீ. குறைந்து வரும். அதாவது முக்கால் அளவு போய்விட்டது. அதே அச்சை 30 டிகிரியிலிருந்து 145 டிகிரிக்குச் சூடேற்றினால் சுற்றளவு ஒன்றரை மி.மீ. விரியும். அதைக் கழித்தாலும் 6 மி.மீ. துண்டு விழுகிறது. 58 என்று சீட்டு ஒட்டிய தொப்பி 57½-க்கும் கீழே நிற்கும்.

ஆகவே மரக்கட்டையை நேரடியாகக் கொடுக்காதீர்கள். கட்டையை ஸ்கேன் செய்து, கணினியில் சுருக்கத்துக்கு வேண்டியதைக் கூட்டி, அதிலிருந்து மாதிரி செய்து வார்க்கலாம். அல்லது கெட்டி அலுமினியத்தையே சி.என்.சி.யில் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) கடையலாம். நாலைந்து அச்சுகள்தான் என்றால் கடைவது மலிவாகக்கூட முடியும். எந்த வழியானாலும் வேலை செய்யும் சூட்டில் அளவு என்ன வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு வரைபடத்தில் எண்ணை எழுதுங்கள். உள்பட்டை பிடிக்கும் இடத்தையும் இழை காயும்போது சுருங்குவதையும் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஓர் அச்சை முதலில் செய்து, இருபது தொப்பி போட்டுப் பார்த்துவிட்டு மற்ற அளவுகளுக்குப் போங்கள்.

அச்சின் கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். உச்சி தடித்து, பக்கம் மெலிந்திருந்தால் சூடு ஒரே மாதிரி ஏறாது. கண்ணாடிபோலப் பாலிஷ் செய்யச் சொல்லி ஆசைப்படாதீர்கள். ஃபெல்ட்டில் பளபளப்புத் தழும்பு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். மணித்துகள் அடித்து மங்கலாக்கிய பரப்பு ஃபெல்ட்டுக்கு நல்லது. பசை ஏற்றிய வைக்கோலுக்கு மட்டும் டெஃப்லான் பூச்சு கொடுக்கலாம், ஒட்டாமல் வரும்.

கிரவுனின் (தொப்பியின் மண்டைப் பகுதி) பள்ளங்களில், முன்பக்கத்துக் கிள்ளல்களில், மண்டையும் விளிம்பும் சேரும் கோட்டில் 2 மி.மீ. துளைகள் போடுங்கள். பள்ளத்தில் காற்றும் நீராவியும் சிக்கிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடத்தில் முனை கூர்மையாக வராது. இதே துளைகள் பின்னால் உறிஞ்சிக் குளிர்விக்கவும் உதவும். அதனால் அச்சின் பின்பக்கத்தில் அவை எல்லாம் ஓர் அறையில் போய்ச் சேரும்படி இப்போதே வடிவமைத்துவிடுங்கள்.

படி 4: சூடு

முதலில் இருப்பதை அளந்துவிடலாம். உச்சியில் ஒன்று, பக்கங்களில் நான்கு, விளிம்பில் நான்கு என்று அச்சில் ஒன்பது இடங்களைக் குறித்துக்கொண்டு, தொட்டுச் சூட்டை அளக்கும் கம்பிச் சென்சாரான தெர்மோகப்பிளால் பாருங்கள். இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நேராக அலுமினியத்தின் மேல் அடித்தால் பொய் சொல்லும். பளபளப்பான அலுமினியம் வெப்பத்தை வெளிவிடுவது மிகக் குறைவு என்பதால், உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். துப்பாக்கிதான் இருக்கிறது என்றால், சூடு தாங்கும் கறுப்பு டேப்பைச் சின்னத் துண்டாக ஒட்டி அதன்மேல் அளங்கள். ஒன்பது இடங்களுக்குள் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு எதையும் தொடாமல் இதைச் சரிசெய்யுங்கள்.

நீராவியில் சூடாகும் அச்சு என்றால் கணக்கு சுலபம். அழுத்தமானியில் 1 பார் காட்டினால் 120 டிகிரி, 2 என்றால் 134, 3 என்றால் 144, 4 என்றால் 152. இது காற்று கலக்காத சுத்தமான நீராவிக்கு. காலையில் திறக்கும்போது குழாயிலும் அச்சிலும் காற்றுதான் நிரம்பியிருக்கும். அது வெளியேறாவிட்டால் மானி 3 காட்டும், அச்சு 130-ஐக்கூடத் தொடாது. அச்சின் உயரமான இடத்தில் ஒரு காற்றுப்போக்கி, தாழ்ந்த இடத்தில் ஸ்டீம் ட்ராப், ட்ராப்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி. இந்த மூன்றும் இல்லாத பிரஸ்ஸில் முதல் செலவே இதுவாக இருக்கட்டும். இரண்டு அச்சுக்கும் சேர்த்து ஒரே ட்ராப் வைப்பார்கள், வேண்டாம். ஒன்றின் தண்ணீர் இன்னொன்றை அடைக்கும். என் இடது பக்க விளிம்புக் கதையில் அடைப்பு கண்ணில் படாமல் அத்தனை நாள் ஓடியதற்குக் காரணம், எந்த ட்ராப் எந்தப் பக்கத்துக்கு என்று யாரும் சீட்டுக் கட்டி வைக்காததுதான்.

மின்சார ஹீட்டருக்கு மாறுவதாக இருந்தால் எத்தனை வாட் வேண்டும் என்று ஊகிக்க வேண்டாம். 12 கிலோ அலுமினிய அச்சு, 115 டிகிரி ஏற வேண்டும். ஒரு கிலோ அலுமினியம் ஒரு டிகிரி ஏற 0.9 கிலோஜூல் வேண்டும், ஆக 12 × 0.9 × 115 என்றால் சுமார் 1,240 கிலோஜூல். இருபது நிமிடத்தில் ஏற வேண்டுமென்றால் 1 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். காற்றில் போகும் சூட்டையும் ஈர ஃபெல்ட் குடிக்கும் சூட்டையும் சேர்த்தால் ஒன்றரை கிலோவாட். அரை கிலோவாட் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் (துளைக்குள் செருகும் குச்சி ஹீட்டர்) மூன்று போதும்: விளிம்புக்கு இரண்டு, கிரவுனுக்கு ஒன்று என்று தொடங்கிப் பார்க்கலாம். ஹீட்டர் போகும் துளையை ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) போட்டு இறுக்கமாக எடுங்கள். துளை தொளதொளவென்று இருந்தால் ஹீட்டரின் சூடு அச்சுக்குப் போகாது. அது தன் சூட்டில் தானே எரிந்துபோகும்.

சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், தொப்பி படும் பரப்புக்கு 5 மி.மீ. கீழே வையுங்கள். கிரவுனுக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று என்று சூட்டைத் தானாகச் சீராக வைத்திருக்கும் பிஐடி கன்ட்ரோலர் இரண்டு. ஹீட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சான எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கெடும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் நிற்காது. அதனால் தனியாக ஒரு அதிவெப்பத் தெர்மோஸ்டாட்டையும் அது சொன்னதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டரையும் (பெரிய மின் சுவிட்ச்) போடாமல் மின்சாரத்துக்கு மாறவே மாறாதீர்கள்.

அச்சுக்கும் பிரஸ் தட்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத பலகை ஒன்று வைத்தால் அச்சு சீக்கிரம் சூடேறும், சிலிண்டர் சீலும் பிழைக்கும்.

படி 5: ஈரம்

ஃபெல்ட் உள்வரை ஈரமாகவும் சூடாகவும் இருக்க வேண்டும். மேலே மட்டும் நனைந்திருந்தால் பிரயோஜனமில்லை. அதற்குத்தான் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஸ்டீம் பெட்டி. எத்தனை நொடி என்று கேட்டால் நான் நொடி சொல்ல மாட்டேன், தராசு வைக்கச் சொல்வேன். பெட்டிக்குள் போகும் முன் பத்துத் தொப்பிகளை எடை போடுங்கள், வெளியே வந்ததும் மறுபடி போடுங்கள். நல்ல வடிவம் பிடித்த தொப்பி எத்தனை கிராம் ஏறியிருந்தது என்று பார்த்து, அந்த எண்ணுக்கு வரும்படி நேரத்தை வையுங்கள். மழைக்காலத்தில் கம்பளி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த எண் மாறும். மே மாதம் வைத்த நேரம் நவம்பரில் சரிவராது.

முனைக்குழாய் தண்ணீர் துப்பினால் நீர்க்கறை விழும். குழாயைச் சரிவாக அமைத்து, பெட்டிக்கு முன்னால் நீர் பிரிப்பான் ஒன்று வையுங்கள். பாய்லர் தண்ணீர் கொதித்துப் பொங்கி உப்போடு வந்தால் வெள்ளைப் புள்ளி, கடைசிக் குழாய் துருப்பிடித்த இரும்பாக இருந்தால் பழுப்புப் புள்ளி. எந்தப் புள்ளி என்று பார்த்தாலே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். கடைசி இரண்டு மூன்று மீட்டர் குழாயை ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிட்டால் பழுப்புப் பிரச்சினை தீர்ந்தது.

படி 6: இப்போது அழுத்தம்

பிரஸ்ஸில் இரண்டு வகை. ஒன்று, உள்ளும் புறமும் உலோக அச்சு. மற்றொன்று, வெளியே சூடான உலோக அச்சும் உள்ளே இருந்து அழுத்தும் ரப்பர் பையும். இங்கிலாந்தின் பழைய ஹைட்ராலிக் தொப்பிப் பிரஸ்கள் தண்ணீர் நிரம்பிய ரப்பர் பையைத்தான் பயன்படுத்தின. அந்த யோசனைக்கு இன்றும் ஈடில்லை என்பது என் எண்ணம். உலோகத்துக்கு உலோகம் என்றால் நடுவில் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஃபெல்ட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஃபெல்ட்டோ ஒரே தொப்பியிலேயே உச்சியில் ஒரு கனம், விளிம்பில் ஒரு கனம். தடித்த இடம் நசுங்கிப் பளபளக்கும், மெலிந்த இடம் அழுத்தமே படாமல் தப்பிவிடும். பை எங்கும் ஒரே அழுத்தம் கொடுக்கும். தழும்புதான் உங்கள் முக்கியக் குறை என்றால் பைக்கு மாறுவதே தீர்வு.

பிரஸ்ஸின் சட்டகம் (ஃபிரேம்) தாங்குமா என்று முதலில் பாருங்கள். 34 × 30 செ.மீ. நீள்வட்ட விளிம்புள்ள தொப்பியின் பரப்பு சுமார் 800 சதுர செ.மீ. பையில் சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தம் கொடுத்தால் மேல் தட்டைத் தூக்கும் விசை 2,400 கிலோ. ஒரு பெரிய காரை ஜாக்கி போட்டுத் தூக்குகிற மாதிரி. மூடியைப் பூட்டும் கொக்கி இதைத் தாங்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பைக்குள் காற்றைவிடத் தண்ணீர் நல்லது. பை கிழிந்தால் அழுத்திய காற்று வெடிக்கும், 100 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் சும்மா கொட்டிவிடும். சாதா ரப்பர் சூட்டில் சீக்கிரம் வெடித்து உதிரும். இ.பி.டி.எம். ரப்பர் நீராவிச் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் கனிம எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். மேலே ஹைட்ராலிக் எண்ணெய் கசியும் சிலிண்டரை வைத்துக்கொண்டு கீழே இ.பி.டி.எம். பை போடாதீர்கள்.

வேகமும் முக்கியம். பிரஸ் முழு வேகத்தில் வந்து மோதினால் ஃபெல்ட் நீள நேரமில்லாமல் மடிந்து சுருக்கம் விழும். கடைசி 3 செ.மீ. மெதுவாக இறங்கும்படி ஒரு ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு வையுங்கள். சுருக்கக் குறை உள்ள ஆலைகளில் இந்தச் சின்ன வால்வு செய்யும் வேலை ஆச்சரியமாக இருக்கும்.

படி 7: ஆறவிடுவது

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். திருப்பூர்ப் பக்கம் தையல் ஆலைகளில் அயர்னிங் டேபிளுக்குக் கீழே உறிஞ்சும் ப்ளோயர் வைத்திருப்பார்கள். துணியிலிருந்து ஈரத்தை இழுத்து மடிப்பை நிறுத்துவது அதுதான். அதே ப்ளோயரை அச்சின் துளை அறையோடு இணைத்துவிடலாம். அழுத்தம் இருக்கும்போதே நீராவியை நிறுத்தி, உறிஞ்சலைத் திறந்தால் ஃபெல்ட்டுக்குள் இருக்கும் ஈரம் அச்சின் வழியாக வெளியேறும். அழுத்தத்தை விடுவது அதற்கு அப்புறம்தான். வரிசை மாறினால் பலன் இல்லை.

ஆனால் அச்சு சூடாகவே இருக்கும், அதில் தொப்பி முழுதாக ஆறாது. அதனால் வெளியே எடுத்ததும் குளிர்ந்த கட்டை ஒன்றின் மேல் மாட்டி வைக்க வேண்டும். இதற்குப் பழைய மரக்கட்டைகளே போதும்; தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை கட்டை வேண்டும்? பிரஸ் 40 நொடிக்கு ஒரு தொப்பி தருகிறது, ஆற 2 நிமிடம் வேண்டும் என்றால் மூன்று கட்டை, கைமாற்றாக ஒன்று கூட, மொத்தம் நான்கு. பக்கத்தில் ஒரு மின்விசிறி. தொட்டால் வெதுவெதுப்புக்கூடத் தெரியக்கூடாது, அதுவரை கட்டையைவிட்டு எடுக்கக் கூடாது. உற்பத்தி எண்ணிக்கை குறையும் என்று சூப்பர்வைசர் முறைப்பார். கழிவு நோட்டைக் காட்டுங்கள்.

படி 8: கட்டுப்பாடும் பாதுகாப்பும்

எட்டாவதாக எழுதியிருக்கிறேனே தவிர, பாதுகாப்பை முதல் நாளே செய்துவிடுங்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் பிரஸ் இறங்க வேண்டும். ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது நம் ஆலைகளில் நடக்காத விஷயமா? இரண்டும் அரை நொடிக்குள் ஒன்றாக அழுந்தினால்தான், ஒவ்வொரு முறையும் விட்டு மறுபடி அழுத்தினால்தான் வேலை செய்யும் ரிலே கிடைக்கிறது, அதையே போடுங்கள். அச்சு மாற்றும்போது மின்சாரம், காற்று, நீராவி மூன்றையும் அடைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழற்றியவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

நீராவிக் கலன் வாங்கும்போது சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைவான கலன்கள் அதில் பாய்லர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆனால் சட்டம் விலக்குக் கொடுத்தது என்பதற்காகச் சேஃப்டி வால்வைச் சோதிக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசினால் அந்த இடம் பிரஸ்ஸைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமாக இருக்கட்டும். ஆவி ஹீட்டர்மேல் பட்டால் தீ. தொப்பித் தொழிலுக்கு ஆவியால் வந்த கெட்ட பெயர் பழையது. ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட் போட்டார்கள். பின்னால் நீராவியில் வடிவம் கொடுக்கும்போது அந்தப் பாதரசம் ஆவியாகித் தொழிலாளிகளின் மூச்சில் போனது. அமெரிக்காவின் டான்பரி ஊரில் கை நடுங்கும் அந்த நோய்க்கு ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே 1941-இல்தான் பாதரசத்துக்கு முடிவு வந்தது. பழைய காலத்து ரோம ஃபெல்ட் தொப்பி எதையாவது மறுபடி வடிவமைத்துத் தரச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் உங்கள் ஸ்டீம் பெட்டிக்குள் விடாதீர்கள்.

கட்டுப்பாட்டுக்கு பி.எல்.சி. (இயந்திரத்தை ஓட்டும் சிறு கணினி) வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டு பிரஸ்ஸுக்கு நான்கு டைமர் போதும்: இறங்கல், அழுத்தல், உறிஞ்சல், விடுதல். ஒரு நாளில் ஐந்தாறு ரகம் மாறும் ஆலைக்கு மட்டும் பி.எல்.சி. பயன் தரும். ரகத்தின் பெயரைத் தொட்டால் சூடும் நேரமும் தானே அமையும், ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்குத் திருக வாய்ப்பில்லை.

படி 9: சோதனை ஓட்டம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டை மாற்றினால் நேரத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் முப்பது தொப்பி. பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் ஒருமுறை அளங்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். முதல் அளவு அழகாக இருக்கும், உண்மை இரண்டாவதில்தான். இன்னும் கடுமையாகச் சோதிக்க, ஐந்து தொப்பிகளை ஈரத்துணியோடு மூடிய பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். கப்பலில் போகும் சரக்கு படும் பாட்டில் கொஞ்சமாவது அதில் தெரியும்.

சரியான அமைப்பு கிடைத்ததும் அச்சு எண், சூடு, ஈர எடை, அழுத்தம், நான்கு நேரங்கள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அந்த அச்சோடு கட்டிவிடுங்கள். அச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் முளைக்கம்பில் தனித்தனியாக மாட்டுங்கள். அடுத்து ஓட வேண்டிய அச்சைப் பக்கத்தில் ஒரு ஹாட் பிளேட்டில் வைத்து முன்பே சூடேற்றி, தட்டில் இரண்டு முளை வைத்து அச்சைப் பொருத்தினால், மாற்றிய பத்து நிமிடத்தில் நல்ல தொப்பி வர ஆரம்பிக்கும். ஸ்டீம் ட்ராப் எல்லாவற்றிலும் சீட்டுக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை, அச்சு சூடேறும் நேரத்தில் ஒவ்வொரு ட்ராப்பின் இருபுறமும் தெர்மோகப்பிளை வைத்துப் பாருங்கள். முன்பக்கம் ஜில்லென்று இருந்தால் தண்ணீர் தேங்கிவிட்டது என்று அர்த்தம்.